வீடு திரும்பும் வழியும் சுற்றுலாவில் சேர்த்திதான்

"பதினொரு பேர் சேர்ந்து வருஷம் ஒரு தடவை வேன் எடுத்துக்கொண்டு சுற்றுலா போகிறோம். ஐந்து நாளும் சிரிப்பும் கும்மாளமுமாகப் போகிறது. வீடு திரும்பும் பதினான்கு மணி நேரம் மட்டும் ஒவ்வொரு முறையும் கசந்துவிடுகிறது. போன தடவை ஒரு நண்பர் வேனை விட்டு இறங்கியவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். எங்கே தப்பு செய்கிறோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபது வருஷமாகக் கூட்டமாகப் போகும் பயணங்களுக்கு ஏற்பாடு செய்துவருகிறேன். நீங்கள் சொல்வதை ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் நண்பர்கள் மேல் சந்தேகம் வேண்டாம். போகிற வழியையும் பார்க்கிற இடங்களையும் மாதக்கணக்கில் பேசி முடிவு செய்கிறோம். திரும்புகிற வழிக்கென்று பத்து நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை. கடைசியில் மிஞ்சிய நேரம், மிஞ்சிய தெம்பு, மிஞ்சிய பணம், மிஞ்சிய பொறுமை இவற்றை வைத்துக்கொண்டு பதினான்கு மணி நேரத்தைக் கடக்கப் பார்க்கிறோம். எப்படி நன்றாக இருக்கும்?

தூக்கத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ராத்திரியும் ஒரு மணி வரை பேச்சு, காலையில் சீக்கிரம் எழுந்து கிளம்ப வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் குறைந்தாலே ஊருக்குக் கிளம்பும்போது ஆளுக்குப் பத்து மணி நேரத் தூக்கம் பாக்கி. தூக்கம் கெட்டால் கால் வலிப்பதற்கு முன்னால் கோபம் வரும். வீட்டில் இருந்தால் சிரித்துவிட்டுப் போகிற ஒரு பேச்சு, வேனின் பின் சீட்டில் குத்தலாகப் படும். அந்த நண்பருக்கும் அப்படி ஏதோ நடந்திருக்கும்.

கடைசி நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானெமன், 1993-இல் தன் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வு ஒன்றில் வந்தவர்களைக் குளிர்ந்த தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். ஒரு முறை 14 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ஒரு நிமிஷம். இன்னொரு முறை மற்றக் கையை அதே குளிரில் அதே ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, எடுக்காமல் மேலும் அரை நிமிஷம்; அந்த அரை நிமிஷத்தில் மட்டும் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். இரண்டில் எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டபோது, அதிகம் பேர் தேர்ந்தெடுத்தது அதிக நேரம் குளிரில் இருக்க வேண்டிய இரண்டாவதைத்தான். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் முழுவதுமே தேவலை என்று மனம் எழுதி வைத்துக்கொண்டது. ஐந்து நாள் நன்றாக இருந்தும், "அடுத்த வருஷம் போகலாமா?" என்று கேட்டால் இரண்டு பேர் மழுப்புவது இதனால்தான். அவர்கள் மனதில் நிற்பது அந்த வேன்.

திரும்பும் வழி சட்டென்று முடிந்துவிட்டது போல் தோன்றுமே, எங்களுக்கு மட்டும் ஏன் நீளுகிறது என்றும் நீங்கள் நினைக்கலாம். பொதுவாகத் தோன்றும், உண்மைதான். நெதர்லாந்து ஆய்வாளர் ஃபான் டெ வென்னும் சகாக்களும் இதை ஆராய்ந்து 2011-இல் எழுதினார்கள். தெரிந்த வழி என்பதால் குறுகுகிறது என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர்கள் காட்டிய காரணம் எதிர்பார்ப்பு. போகும்போது நினைத்ததைவிட நேரம் ஆகிவிடுகிறது. திரும்பும்போதும் அப்படித்தான் இழுக்கும் என்று தயாராக இருக்கிறோம். அதனால் சீக்கிரம் வந்தது போல் இருக்கிறது. உங்கள் குழுவில் கிளம்பும்போது யாராவது "ஒன்பது மணி நேரத்தில் போய்விடலாம்" என்று சொல்லியிருப்பார்கள். வரைபடம் காட்டுவது நிற்காமல் ஓடும் ஒரு வண்டியின் நேரத்தை. பதினொரு பேர் ஒரு இடத்தில் இறங்கினால் பத்து நிமிஷம் என்பது முப்பது நிமிஷம். ஆறு முறை நின்றால் மூன்று மணி நேரம் அங்கேயே போயிற்று. அதனால் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பெரிய எண்ணைச் சொல்லிவிடுங்கள். பதினான்கு ஆகும் என்று தோன்றினால் பதினைந்து என்று சொல்லுங்கள். வீட்டில் காத்திருப்பவர்களிடமும் அதையே சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமானது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ராத்திரியில் கிளம்பாதீர்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மலைப் பகுதியில் நான்கு நாள் இருந்தோம். கடைசி நாளையும் வீணாக்கக் கூடாது என்று மாலை வரை சுற்றிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வண்டியைக் கிளப்பினோம். "ராத்திரியில் ரோடு காலியாக இருக்கும், விடியும்போது வீட்டில் இருக்கலாம்" என்று சொன்னதே நான்தான். எங்களில் ஒருவர்தான் ஓட்டினார். அன்று பகல் முழுக்க எங்களோடு மலையேறியவர். மூன்றரை மணி வாக்கில் ஏதோ அதிர்ந்து கண் விழித்தேன். வண்டி சாலையை விட்டு இறங்கி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வேளையாக அங்கே மரமும் இல்லை, பள்ளமும் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டி நின்றபிறகு அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி, "நான் தூங்கவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே பின்னால் ஒரு குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. களைத்த மூளை சில வினாடிகள் மட்டும் அணைந்து மறுபடி எரியும். கண் திறந்தபடியேகூட இது நடக்கும், நடந்ததே அவருக்குத் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறோம். நான்கு வினாடி கண் அசந்தால் 110 மீட்டர் வண்டி தானாகப் போகிறது. 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. பல நாடுகளில் அந்த அளவுக்கு மேல் குடித்துவிட்டு ஓட்டினால் குற்றம். எங்கள் நண்பர் அன்று காலை ஐந்தரைக்கு எழுந்தவர். இரவு பத்தரைக்கே பதினேழு மணி நேரம் முடிந்துவிட்டது. மூன்றரைக்கு இருபத்திரண்டு மணி நேரம். அதுவும் உடம்பின் உள் கடிகாரம் மிகவும் தாழ்ந்து கிடக்கிற அதிகாலை வேளை. குடித்துவிட்டு வந்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்போம். தூங்காமல் வந்தவரைக் கைதட்டி உட்கார வைத்தோம்.

கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். கண் சொக்குகிறது என்றால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து இருபது நிமிஷம் தூங்க வேண்டும். காபி உடம்பில் ஏற அரை மணி நேரம் ஆகும். விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அதற்கு மேல் தூங்கினால் எழுந்ததும் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும். அது தெளியும் வரை ஓட்டக்கூடாது. இந்தக் குட்டித் தூக்கமும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், ராத்திரி முழுக்க ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

வாடகை வண்டி என்றால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: டிரைவர் நேற்று எங்கே தூங்கினார்? நமக்கு ரூம் போட்டுவிட்டு அவரை வண்டி சீட்டில் படுக்கவிட்டிருந்தால், அடுத்த நாள் பதினான்கு மணி நேரம் நம் உயிரை அவர் கையில் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அவருக்கும் கட்டில் உள்ள அறை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ், லாரி ஓட்டுகிறவர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. தினம் ஓட்டிப் பழகியவர்களுக்கே இந்த வரம்பு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இதை அளவாக வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் உங்கள் பதினான்கு மணி நேர வழிக்கு ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கக்கூடாது. அவருக்கும் முறை போட்டு மாற்றுங்கள்.

சரி, பகலில் கிளம்ப வேண்டும் என்றால் கடைசி நாள் சுற்றிப் பார்ப்பதை விட வேண்டியிருக்கும். ஆமாம், விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தருகிற மாற்றம் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் திட்டம் போடும்போது திரும்பும் நாளைத்தான் முதலில் எழுதுகிறேன். வீட்டில் இத்தனை மணிக்கு இருக்க வேண்டும், அதற்கு இத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கே அறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் வருவேன். மற்ற இடங்கள் எல்லாம் மிச்சமுள்ள நாட்களுக்குள். ஓர் அருவியோ கோட்டையோ விட்டுப்போகும். கொஞ்ச நாளில் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்த முந்தின மாலையில் இரண்டு வேலை இருக்கிறது. பை கட்டுவது ஒன்று. சாவி, மருந்து, சார்ஜர், குழந்தைக்கு மாற்றுத் துணி, ஒரு போர்வை இவை மட்டும் கைக்கு எட்டுகிற தனிப் பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளை முதலில் இறங்குகிறவருடையது மேலே வருகிற மாதிரி அடுக்க வேண்டும். நள்ளிரவில் தெருவில் நின்று பதினொரு பெட்டியையும் இறக்கி ஏற்றினவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, பணக் கணக்கு. திரும்பும் வழிச் சண்டைகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன என்பது என் அனுபவம். வண்டியில் யாரோ போனை எடுத்து, "அந்தப் படகு சவாரிக்கு யார் கொடுத்தது?" என்று ஆரம்பிப்பார்கள். நாலு நாள் தூங்காதவர்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் முன்னும் பின்னுமாக உட்கார்ந்துகொண்டு, குலுங்குகிற வண்டியில் பணம் பேசினால் அது நல்லபடியாக முடியாது. கணக்கைக் கடைசி ராத்திரி, வயிறு நிறைந்தபிறகு, வட்டமாக உட்கார்ந்து முடித்துவிடுங்கள். ஒவ்வொருவரும் மொத்தம் எவ்வளவு போட்டார்கள், தலைக்கு எவ்வளவு ஆனது, வித்தியாசம் எவ்வளவு, அவ்வளவுதான். யார் யாருக்கு எந்தச் செலவுக்குத் தர வேண்டும் என்று தனித்தனியாகப் போக வேண்டாம். பதினொரு பேருக்குள் எத்தனை சிக்கலான கொடுக்கல் வாங்கல் இருந்தாலும் அதிகபட்சம் பத்துப் பரிமாற்றத்தில் முழுக்கத் தீர்த்துவிடலாம்; குறைவாகப் போட்டவர்கள் கூடுதலாகப் போட்டவர்களுக்கு அனுப்பிக்கொண்டே வந்தால் தானாக முடிந்துவிடும். சில்லறையை விட்டுவிடுங்கள். வழிச் செலவுக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் பொதுப் பணமாக ஒருவரிடம் கொடுத்துவிட்டால், மறுநாள் வண்டியில் பணப் பேச்சே எழாது. குடிக்காதவர், சாப்பிடாமல் தூங்கினவர், பாதியில் வந்து சேர்ந்தவர் என்று யாருக்காவது விலக்கு வேண்டுமா என்பதை அவர்கள் கேட்குமுன் நீங்களே கேளுங்கள். வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்தான் பின்னால் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போகிறார்.

வண்டிக்குள் என்ன செய்வது? இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி சீட்டில் ஒருவரே பதினான்கு மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் தலை கனக்கும். ஆனால் வாந்தி வருகிறவர்களை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள்; அவர்களுக்கு முன் வரிசைதான். உள்காது உடம்பு அசைகிறது என்கிறது, போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்க்கிற கண் அசையவில்லை என்கிறது; இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிவருகிறது. தூரத்து வானவிளிம்பைப் பார்த்துக்கொண்டு வந்தால் இரண்டும் ஒத்துப்போகும். இதற்கான மாத்திரைகளை வண்டி கிளம்ப அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்தபிறகு போட்டால் பெரிய பலன் இல்லை. பல மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை என்பதால் ஓட்டுகிறவர் அவற்றைத் தொடக்கூடாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தி எல்லோரும் இறங்கி நடங்கள், தூங்குகிறவரையும் எழுப்பி. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. விமானம் மட்டுமில்லை, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரட்டிப்பு என்றாலும் ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பே ரத்தம் உறைந்தவர்கள் கூட்டத்தில் இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

அப்புறம், மௌனம். ஐந்து நாள் பேசித் தீர்த்தவர்கள் ஆறாவது நாள் பேசாமல் வந்தால் உறவு கெட்டுவிட்டதாக யாரோ ஒருவர் பதறி, பாட்டுப் போட்டி வைக்கிறார், எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். விட்டுவிடுங்கள். நாங்கள் மதிய உணவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் "பேச்சு இல்லாத நேரம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். யாரும் யாரையும் மகிழ்விக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் முகங்கள் தளர்வதைப் பார்க்கலாம். ஓட்டுகிறவரும் அவர் பக்கத்தில் இருப்பவரும் மட்டும் மெல்லப் பேசிக்கொண்டு வர வேண்டும்.

என்றாவது விமானத்தில் திரும்பினால் சில விஷயங்கள் மாறும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. பதினொரு பேரில் ஒருவராவது இதை மறப்பார், வரிசை முழுக்க நிற்கும். இணைப்பு விமானம் என்றால் இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். சர்வதேசப் பயணத்தில் பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கை. களைப்பில் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விமான நிலையத்தை விட்டு வெளியேறிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரையும் இறக்கிவிட்டபிறகு ஓட்டுகிறவர் தனியாகிவிடுகிறார். அவ்வளவு நேரம் பேச்சுத் துணை இருந்தது, பத்து உயிர் பின்னால் இருக்கிறது என்ற விழிப்பு இருந்தது. கடைசி ஆள் இறங்கியதும் இரண்டும் போய்விடும், களைப்பு மட்டும் மிஞ்சும். பழகின தெரு என்பதால் கவனமும் தளரும். அந்தக் கடைசி அரை மணி நேரத்தை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஓட்டுகிறவர் வீட்டுக்கு மிக அருகில் இருப்பவர் கடைசி வரை கூட வரட்டும். நேரம் ரொம்ப ஆகிவிட்டால் அவர் யார் வீட்டிலாவது படுத்துவிட்டுக் காலையில் போகட்டும். வீடு வந்து சேர்ந்தேன் என்று அவரிடமிருந்து செய்தி வரும் வரை ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.

விடைபெறுவதையும் இறங்கும் இடத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். இறங்கும்போது ஒருவர் தூக்கத்தில் இருப்பார், ஒருவர் பெட்டியைத் தேடுவார், பின்னால் வேறு வண்டி ஹாரன் அடிக்கும். கிளம்புகிற காலையிலேயே, வண்டியில் ஏறுமுன், முகம் கழுவித் தெளிவாக இருக்கும்போது ஐந்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து நில்லுங்கள். ஒரு படம் எடுங்கள். அறை பிடித்தவர், கணக்கு எழுதியவர், காய்ச்சல்காரருக்குக் கூட இருந்தவர் ஆகியோருக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். அதற்குப் பிறகு யார் எங்கே எப்படி இறங்கினாலும் குறையாகத் தெரியாது.

முடிந்தால் வேலைக்குப் போகும் நாளுக்கும் வீடு சேரும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறை போய்வந்தவர்கள் திரும்பியபின் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கவில்லை. மிகவும் நிதானமாகக் கழித்தவர்களுக்கு மட்டும் அந்த இனிமை கொஞ்சம் நீடித்தது. திங்கள் காலை வேலை, ஞாயிறு நள்ளிரவில் வீடு என்றால் அந்த நிதானம் வாசலிலேயே போய்விடும்.

அந்த நண்பரைப் பற்றி. இன்றைக்கே ஒரு போன் செய்யுங்கள், குழுவில் செய்தி போட வேண்டாம், நீங்கள் நேரில் பேசுகிற மாதிரி தனியாக. "அன்னைக்கு ஏன் சொல்லாமப் போனே?" என்று ஆரம்பிக்காதீர்கள். அன்று அவர் எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், கையிலிருந்து ஏதாவது கூடுதலாகச் செலவழித்தாரா என்று கேளுங்கள். அடுத்த முறை திரும்பும் நாளை எப்படி வைக்கலாம் என்று அவரையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.